புகை வந்த வழி

‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டுக்கு 1981-இல் எங்கள் கோயமுத்தூர் ஹாஸ்டலில் மூன்று உரைகள் வழங்கின. மூன்றாம் மாடி சீனியர் அண்ணன் சொன்னது: “தண்ணி மேல பொகைன்னா வேற என்ன தம்பி? கஞ்சாதான்.” சொல்லும்போதே அவருக்குக் கண் பாதி மூடியிருந்ததால், விஷயம் தெரிந்தவர் என்று நம்பினோம். தினமும் ஆங்கிலப் பேப்பர் படிக்கிற இன்னொருவர் அதை வியட்நாம் போர் என்றார். கப்பல், குண்டு, கடலெல்லாம் புகை. மூன்றாவது உரை என்னுடையது. நீரும் நெருப்பும் மோதினால் மிஞ்சுவது புகைதான், ஆகவே இது நிலையாமையைப் பாடுகிற பாட்டு என்று பத்தொன்பது வயதில் மெஸ்ஸில் உட்கார்ந்து முழங்கினேன். எதிரே இருந்தவன், “நிலையாமை இருக்கட்டும், சட்னியை இப்படித் தள்ளு” என்றான்.

மூன்றுமே தப்பு. சட்னி கேட்டவன் ஒருவன்தான் அன்றைக்கு உளறாதவன்.

எங்களையும் குறை சொல்ல முடியாது. வரிகள் யாருக்கும் புரிந்ததில்லை. ரெக்கார்டிங் கடையில் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்துவாங்கிய கேசட் அது. கடைக்காரரிடம் இருந்ததே நகலின் நகல். அறுபது நிமிட கேசட்டில், பி பக்கத்தின் கடைசியில் இதைப் போட்டிருந்தார். ஐந்து நிமிடம் நாற்பது விநாடிப் பாட்டில் நாலு நிமிடம் ஆனதும் டேப் தீர்ந்து ‘டக்’கென்று நின்றுவிடும். அந்தப் பாட்டுக்கு முடிவு என்று ஒன்று இருப்பதே பல வருஷம் எனக்குத் தெரியாது.

தேவைப்படவும் இல்லை. எங்களுக்கு ஆரம்பம் போதும். அந்த நாலு ஸ்வர கிட்டார் துண்டு, ரிஃப் என்பார்களே, அது வந்தால் ஹாஸ்டல் முழுவதும் தலையாட்டும். என் ரூம்மேட் தஞ்சாவூர்க்காரன், வயலின் வாசிக்கிற குடும்பம். முதல் தடவை கேட்டபோது மூக்கைச் சுளித்தான். “ஷட்ஜம், சாதாரண காந்தாரம், அப்புறம் ரெண்டு மத்யமமும் பக்கத்துப் பக்கத்துல. எழுபத்திரண்டு மேளத்துல இதை எங்கடா கொண்டுபோய் வைக்கிறது?” மறுநாள் காலை குளியலறையில் அதையே முனகிக்கொண்டிருந்தான்.

ஸ்டடி லீவில் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு வார்டன் வந்தார். ஒன்றும் பேசாமல் டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து அது திரும்பி வந்தபோது உள்ளே சீர்காழி கோவிந்தராஜன் பக்திப் பாடல்கள் இருந்தன. புரட்சிக்காக அடக்குமுறையைச் சந்தித்த பெருமிதம் எங்களுக்கு. எந்தப் புரட்சி என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு நான் தீ விபத்து சர்வேயர் ஆனேன். படித்தது டெக்ஸ்டைல், பிழைத்தது நெருப்பில். பஞ்சு குடோன், பனியன் கம்பெனி, தீப்பெட்டி யூனிட் என்று எங்கே எரிந்தாலும் மறுநாள் காலையில் ஈரச் சாம்பலில் நின்றுகொண்டு நஷ்டத்தைக் கணக்கெடுக்கிற வேலை. அறிக்கை எழுத ஒரு வரிசை உண்டு. என்றைக்கு, எந்த இடத்தில், எதற்காக யார் அங்கே இருந்தார்கள், தீ எதனால் பிடித்தது, எவ்வளவு போயிற்று, யார் யாரைக் காப்பாற்றினார்கள், தொழில் மறுபடி எந்த இடத்தில் தொடங்கியது. அவ்வளவுதான். என் முதல் அறிக்கையில் ‘பயங்கரமான தீ’ என்று எழுதியிருந்தேன். குரு அந்த ‘பயங்கரமான’ மேல் சிவப்பு மையால் கோடிழுத்தார். “தீன்னா எல்லாமே பயங்கரம்தான். எத்தனை சதுர அடி, அதைச் சொல்லு.”

1999 வாக்கில் தம்பி ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பாட்டின் வரிகளைப் பிரிண்ட் எடுத்துவந்து கொடுத்தான். பதினெட்டு வருஷம் கழித்து முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். கையில் பேனா இருந்தது, தொழில் பழக்கம். படிக்கப் படிக்க ஓரத்தில் டிக் அடித்துக்கொண்டே போனேன். இடம், ஏரிக்கரை ஊர். வந்த நோக்கம், ரெக்கார்டிங். சம்பவத்தின்போது அரங்கில் இருந்த குழு. காரணம், யாரோ ஒரு மடையனின் சிக்னல் துப்பாக்கி. சேதம், முழுமை. உள்ளே மாட்டியவர்களை வெளியே இழுத்தவர் பெயர். மாற்று இடம், அதன் வசதிக் குறைவுகள். வேலை முடிந்த விவரம். நிலையாமையும் இல்லை, வியட்நாமும் இல்லை. உலகமே கைதூக்கி ஆடுகிற ராக் கீதம் அப்பட்டமான ஒரு ஃபயர் ரிப்போர்ட். இன்ஷூர் செய்த தொகை மட்டும்தான் விட்டுப்போயிருந்தது.

மறுபடி படித்தேன். என் குரு கோடிழுப்பதற்கு அதில் அதிக வேலை இருந்திருக்காது.

அதன்பிறகு இந்த கிளெய்மை விடாமல் துருவினேன். 1971 டிசம்பர் 4. சுவிட்சர்லாந்தில் லேமான் ஏரிக்கரையில் மோந்த்ரோ என்று ஓர் ஊர். (மான்ட்ரியக்ஸ் என்றுதான் எழுத்துக் கூட்டிப் படித்துவந்தேன். லோசானில் வசிக்கிற என் மகள், “அந்த எக்ஸைச் சொல்லக் கூடாதுப்பா” என்று திருத்தும்வரை அப்படித்தான்.) அங்கே 1881-இல் கட்டிய காசினோ. குளிர்காலத்துக்கு அதை மூடப்போகிறார்கள். மூடுவதற்கு முன் கடைசியாக அமெரிக்காவின் ஃபிராங்க் ஜாப்பா குழுவுக்குப் பகல் கச்சேரி. அது முடிந்ததும் கட்டடம் காலி, டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்துக் குழு புது ஆல்பம் பதிய அதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஸ்டூடியோவுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ரெக்கார்டிங் லாரியை வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார்கள்.

கச்சேரி நடுவில் கூட்டத்தில் ஒருவன் சிக்னல் துப்பாக்கியை மேலே பார்த்துச் சுட்டான். கடலில் ஆபத்து வந்தால் உதவிக்கு ஆள் கூப்பிடுகிற துப்பாக்கி அது. உதவி கேட்கிற கருவியாலேயே ஆபத்தைக் கொண்டுவந்தவனை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பொறி விழுந்தது கூரையில், கூரையில் வேய்ந்திருந்தது பிரம்பு. அதற்குமேல் ஒரு சர்வேயர் எழுத என்ன இருக்கிறது? பிரம்புக் கூரைக்குக் கீழே கூட்டத்தை அடைத்து வைத்த நிர்வாகத்தைப் பற்றிப் பாட்டில் ஒரு வார்த்தை இல்லை, இது என்னுடைய ஒரே ஆட்சேபணை. ஜாப்பா பதறாமல் மேடையில் நின்று கூட்டத்தை வெளியே போகச் சொன்னார். உயிர்ச்சேதம் இல்லை. மோந்த்ரோ ஜாஸ் விழாவை 1967-இல் தொடங்கியவரும் ஊர்ச் சுற்றுலா அலுவலகத்து ஆளுமான கிளாட் நோப்ஸ், உள்ளே சிக்கிய பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தார். டீப் பர்ப்பிள் ஆட்கள் தங்கள் ஹோட்டலிலிருந்து, ஸ்டூடியோ எரிந்து அதன் புகை ஏரிமேல் படர்வதைப் பார்த்தார்கள்.

ஆகக் கஞ்சாவும் இல்லை. ஆனால் அந்த சீனியர் அண்ணனுக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். தீ விபத்துக்குச் சில நாள் கழித்து, பேஸ் கிட்டார்காரர் ராஜர் குளோவர் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது இந்தத் தலைப்பைச் சொல்லிக்கொண்டே விழித்தாராம். பாடகர் இயன் கில்லன் உடனே தயங்கினார், போதைப் பாட்டு என்று நினைத்துவிடுவார்கள் என்று. எங்கேயோ கோயமுத்தூரில் பத்து வருஷம் கழித்து ஒருவர் அப்படித்தான் நினைக்கப்போகிறார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

இனி மாற்று இடம். இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் திருப்பூர் ஞாபகம் வரும். குடோன் எரிந்த மறுநாள், ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறதே என்று கல்யாண மண்டபத்தில் தையல் மெஷின் போடுகிற முதலாளிகளை அங்கே கண்டிருக்கிறேன். நோப்ஸ் இவர்களுக்கு முதலில் பெவிலியன் என்ற பழைய தியேட்டரைப் பிடித்துக் கொடுத்தார். ஊருக்கு நடுவில் அது. ராத்திரி வாசிக்கத் தொடங்கினார்கள். கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் அந்த நாலு ஸ்வர ரிஃபை எடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்ள, தூங்கிக்கொண்டிருந்த ஊர் எழுந்து போலீசைக் கூப்பிட்டது. போலீஸ் வெளியே கதவைத் தட்ட, சாமான் தூக்குகிற பையன்கள் உள்ளே கதவில் சாய்ந்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, அந்த இடைவெளியில் டேக் முடிந்தது. குழுவினர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிற கதை இது. பெவிலியனில் உருப்படியாகத் தேறியது அந்த ஒரு பதிவுதான். பாட்டுவரி இன்னும் எழுதப்படவில்லை, தலைப்பும் இல்லை.

எங்கள் வார்டன் தட்டாமலே உள்ளே வருகிறவர். அந்த வகையில் சுவிஸ் போலீஸ் மரியாதைக்காரர்கள்.

அடுத்து, குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். காலி ஹோட்டல், கடும் குளிர். நடைவழியில் வாத்தியங்களைப் போட்டு, சத்தம் எதிரொலிக்காமல் இருக்க ரூம் மெத்தைகளைச் சுற்றிலும் சார்த்தினார்கள். லாரி வெளியே நின்றது. பதிந்ததைக் கேட்க வேண்டுமென்றால் அறை அறையாகப் புகுந்து பால்கனி தாண்டிப் பனியில் இறங்கிப் போகவேண்டும். நாலைந்து தடவை போய்ப் பார்த்தார்கள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். வாசித்தபோது சரியாக இருந்ததா? இருந்தது. அடுத்த பாட்டு. ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தின் பெரும்பகுதி இப்படி, மூன்று வாரத்துக்குள் முடிந்தது. இன்றைக்கு ஒரு பாடலுக்கு மட்டும் பாடகரின் மூச்சு விடும் சத்தத்தை வெட்டி எடுக்க ஒரு வாரம் ஆகிறது என்று கேள்விப்படுகிறேன்.

கடைசியில் கணக்குப் பார்த்தால் ஆல்பத்துக்கு நிமிடம் குறைந்தது. போலீசுக்குப் பயந்து முடித்த அந்தப் பெவிலியன் பதிவு சும்மா கிடக்கிறதே என்று எடுத்தார்கள். எதைப் பாடுவது? நடந்ததையே பாடிவிடலாம் என்று கில்லனும் குளோவரும் எழுதினார்கள். கறிக்குக் காய் பற்றவில்லை என்றால் கூட்டில் கொஞ்சம் பூசணிக்காயை நறுக்கிப் போடுவோமே, அந்த மாதிரி. நோப்ஸ் கேட்டுவிட்டு இதுதான் பெரிய பாட்டு என்றாராம். குழு நம்பவில்லை. 1972 மார்ச்சில் ஆல்பம் வந்தபோது அவர்கள் பந்தயம் கட்டித் தனி ரிக்கார்டாக விட்டது ‘நெவர் பிஃபோர்’ என்ற வேறு பாட்டை. அதை இன்று யாராவது முனகினால் நான் காபி வாங்கித் தருகிறேன்.

பூசணிக்காய் ஒரு வருஷம் கழித்து 1973-இல் அமெரிக்காவில் தனி ரிக்கார்டாக வந்து பட்டியலில் 4-ஆம் இடம்வரை ஏறியது. அது ஏறிக்கொண்டிருந்த அந்தக் கோடையில், வரி எழுதிய இருவருமே குழுவில் இல்லை. ஜூன் மாதம் ஜப்பானில் ஒசாகா கச்சேரியோடு கில்லனும் குளோவரும் வெளியேறிவிட்டார்கள். ராயல்டி வந்திருக்கும், அதனால் ரொம்ப வருத்தப்பட வேண்டாம்.

வருத்தப்பட வேண்டியவர் ஜாப்பா. வாத்தியம் எல்லாம் எரிந்து, வாடகைக்கு எடுத்த சாமான்களோடு லண்டனில் வாசித்தார். தீ விபத்துக்கு ஆறாவது நாள், டிசம்பர் 10, ரெயின்போ தியேட்டரில் ஒருவன் மேடையேறி அவரைக் கீழே வாத்தியக்காரர் குழியில் தள்ளினான். மாதக்கணக்கில் சக்கர நாற்காலி. குரல்வளை நசுங்கிக் குரலே கீழே இறங்கிவிட்டது. (அதே ரெயின்போவில் அடுத்த வருஷம் டீப் பர்ப்பிள் 117 டெசிபலில் வாசித்து, உலகத்திலேயே அதிகச் சத்தம் போடும் குழு என்று கின்னஸில் ஏறியது.) விபத்தில் நிஜமாக நஷ்டப்பட்டவருக்குப் பாட்டில் ஒரு வரி, பக்கத்துப் பில்டிங்கில் வேடிக்கை பார்த்தவர்களுக்கு மீதிப் பாட்டு முழுவதும். இதையும் நான் நிறைய கிளெய்ம்களில் பார்த்திருக்கிறேன். கணக்கு 2024-இல் ஒருமாதிரி நேரானது. ‘மெஷின் ஹெட்’டின் சிறப்புப் பதிப்பு வந்தபோது அதைப் புதிதாக மிக்ஸ் செய்தவர் ஜாப்பாவின் மகன் டிவீஸில்.

இதற்கிடையில் பாட்டு எங்கெங்கோ போய்வந்தது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம். நிவாரண நிதிக்காக அடுத்த வருஷம் ஊரறிந்த ராக் கலைஞர்கள் கூடி இதையே மறுபடி பாடினார்கள். தீக்கு எழுதிய அறிக்கை நிலநடுக்கத்துக்குப் பணம் கொடுத்தது, என் தொழிலில் இதற்கு முன்னுதாரணம் கிடையாது. 2008-இல் மாஸ்கோ கிரெம்ளினில் காஸ்ப்ரோம் கம்பெனிக்குப் பதினைந்தாம் ஆண்டு விழா. வாசித்த குழுக்களில் டீப் பர்ப்பிள் ஒன்று. கம்பெனித் தலைவர் மெத்வதேவ் பள்ளிக்கூட நாளிலிருந்தே இவர்களின் ரசிகர், அடுத்த மாதம் அதிபர் தேர்தலில் நிற்கப்போகிறவர். தீ விபத்தால் புகழ்பெற்ற குழுவை எரிவாயுக் கம்பெனி விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள். நானாக இருந்தால் பிரீமியத்தைக் கூட்டியிருப்பேன். கோயமுத்தூர் மெஸ்ஸில் நாங்கள் இந்தப் பாட்டை அதிகாரத்துக்கு எதிரான குரல் என்றுதான் கருதிவந்தோம் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மகள் வீட்டுக்குப் போனபோது மோந்த்ரோவுக்கும் அழைத்துப்போனாள். லோசானிலிருந்து ரயிலில் அரைமணிகூட இல்லை. ஏரிக்கரை நெடுக நடைபாதை, பூச்செடி, பெஞ்சுகள். ஃபிரெடி மெர்குரி சிலையிடம் செல்ஃபிக்கு வரிசை நின்றது. அவருடைய குயின் குழு இந்த ஊருக்கு வந்ததற்கும் நம் தீ விபத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. எரிந்த இடத்தில் 1975-இல் புதுக் காசினோ கட்டியபோது உள்ளேயே ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவையும் வைத்தார்கள். சில வருஷத்தில் அதைக் குயின் விலைக்கே வாங்கிக்கொண்டது. லாரி கட்டி இழுத்துவந்தவர்களின் ஸ்டூடியோ எரிந்தது, எரிந்ததால் ஊருக்கே நிரந்தர ஸ்டூடியோ வந்தது.

நான் தேடிப்போனது வேறொன்று. கரையில் இந்தப் பாட்டுக்கும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. பாட்டின் பெயர், குழுவின் பெயர், அதோடு ரிஃபின் ஸ்வரங்கள் மேற்கத்திய இசைக்குறிப்பில். எந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி இந்த ஊர் போலீசை அனுப்பியதோ, அந்தச் சத்தத்தை ஊரே உலோகத்தில் செய்து கரையில் நிறுத்தி வைத்திருக்கிறது. உலோகமாக இருக்கும்வரை தொந்தரவில்லை. பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஒரு நாய் மட்டும் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. தஞ்சாவூர்க்காரனுக்கு போட்டோ அனுப்பினேன். “ரெண்டு மத்யமத்தையும் செதுக்கி வச்சிருக்கானா?” என்று பதில் வந்தது. ரிஃப் பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனியைத் திருப்பிப் போட்டது, அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று பிளாக்மோர் பிற்பாடு கேலியாகச் சொன்னதையும் அவனுக்கு எழுதினேன். “யார்கிட்ட எடுத்தாலும் மேளத்துல அடங்காது” என்றான். நாற்பத்து மூன்று வருஷமாகியும் தீர்ப்பில் மாற்றமில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பேரனுக்கு ஒன்பது வயது, கிட்டார் கிளாஸ் போகிறான். வாத்தியார் முதல் பாடமாக எதைச் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்க வேண்டுமா? உலகமெங்கும் கிட்டார் கற்கிற பிள்ளைகளுக்கு அதுதான் பாலபாடம், சரளி வரிசை மாதிரி. கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் செருகி, “தாத்தா, இது ரொம்ப ஈஸி” என்று வாசித்துக் காட்டினான்.

“ஈஸி இல்லைடா கண்ணா. அவர் ஒத்தைத் தந்தியில வாசிக்கல. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடியில இன்னொரு ஸ்வரம் இருக்கு, ச-வுக்குக் கீழே ப இருக்கிற மாதிரி. ரெண்டு தந்தியையும் சேர்த்து விரலால இழுக்கணும், பிக் வச்சுத் தட்டக் கூடாது. கூடவே ஆர்கன் அதையே வாசிக்கும், அந்த ஆர்கனையும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்ல செருகியிருந்தாங்க. அதனாலதான் அந்த கனம்.”

“தாத்தா, உங்களுக்கு கிட்டார் தெரியுமா?”

“தெரியாது.”

ஆனாலும் பையன் பிக்கைக் கீழே வைத்தான். இரண்டு தந்தியையும் சேர்த்து விரலால் இழுத்தான். நாலாவது தடவை பிடிபட்டது. பிடிபட்டதும் ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகினான். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவிஸ் வீடுகளில் துணி துவைக்கிற மெஷினைக்கூட ஓட்ட யோசிப்பார்கள். ஆணி அடித்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

வந்துவிட்டார். காலிங்பெல் ஒருமுறை அடித்தது, பிறகு கதவை விரலால் தட்டுகிற சத்தம். மகள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே, “அப்பா, அவனை நிறுத்தச் சொல்லுங்க” என்றாள்.

பையன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். சுற்று முடிய இன்னும் ஏழெட்டு ஸ்வரம் இருந்தது. நான் எழுந்துபோய்க் கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டேன்.